அடுத்தவன் வேலையைச் சொல்

குடிநீர் அலுவலகத்தில் என் அக்காவுக்கு "வந்துட்டா" என்று பெயர். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உள்ளே யாராவது ஒருவர் "வந்துட்டா" என்பார். உடனே படுத்திருந்தவர் உட்காருவார். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்பார். ஏற்கெனவே நின்றிருந்தவர் கையில் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு எங்கேயோ தீ பிடித்த மாதிரி நடையைக் கட்டுவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பஞ்சர் கடை அந்த அலுவலகத்தின் ஸ்டோர் ரூம் சுவரை ஒட்டியே இருக்கிறது. டியூபில் காற்று எங்கே போகிறது என்று காதை வைத்துத்தான் கேட்கவேண்டும். அப்படிக் கேட்கும்போது பக்கத்துச் சங்கதியும் சேர்ந்து காதில் விழுந்தால் அது என் குற்றமா?

அக்கா ரொம்ப காலம் அங்கே மீட்டர் படிக்கிறவளாக இருந்தாள். வெயிலில் தெருத் தெருவாக நடந்து, இரும்பு மூடியைத் தூக்கி, கரப்பான் பூச்சியை நலம் விசாரித்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. வீட்டுக்காரர்களைவிட அந்த வீட்டு நாய்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். பழைய மேஸ்திரி முழங்கால் வலி என்று ஓய்வு வாங்கிக்கொண்டு போனபோது, என்ஜினியர் அக்காவைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்காரச் சொன்னார். அதுவும் நிரந்தரமாக இல்லை.

"மழைக்காலம் வரைக்கும் பாருங்கம்மா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மேட்டுத் தெரு ஜனங்க இன்னொரு தடவை குடத்தோட என் வாசலுக்கு வந்தாங்கன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். எனக்கும் மேல இருந்து கேக்கறாங்க."

"வரமாட்டாங்க சார்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் சுபாவம் அப்படி. முதலில் வாக்குக் கொடுத்துவிடுவாள். அதை எப்படி நிறைவேற்றுவது என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசிப்பாள்.

பழைய மேஸ்திரி காலத்தில் தினமும் சாயங்காலம் எல்லோரும் ஸ்டோர் ரூமில் கூடுவார்கள். துருப்பிடித்த குழாய்த் துண்டுகளுக்கும் கிரீஸ் டப்பாக்களுக்கும் நடுவே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்குச் செய்த வேலையை ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். சொல்வார்கள். கேட்டால் கண்ணீர் வரும், அப்படி உழைத்திருப்பார்கள். அவரவர் வேலையை அவரவர் சொன்னவரைக்கும் ஊரில் ஒரு குழாய்கூட ஒழுகவில்லை. ஊர்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

அக்கா முதல் நாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் சொன்னாள்: "நாளையிலேருந்து யாரும் தன் வேலையைச் சொல்லக் கூடாது. அடுத்தவன் வேலையைச் சொல்லணும். நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லணும்."

மூத்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். மீசை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டே, "அதுக்குப் பேரு கோள் சொல்றதும்மா" என்றார்.

"அதைத்தானே அண்ணே இவ்வளவு நாளா சும்மா செஞ்சீங்க? இனிமே சம்பளத்துக்குச் செய்ங்க."

கூட்டம் சிரித்துவிட்டது. மீசையும்தான்.

அடுத்த நாளிலிருந்து எனக்கு ரேடியோவே தேவைப்படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாடகமே நடக்கும்.

"இவன் மாட்டின குழாய் கோணலா இருக்கு அக்கா."

"கோணலா இருந்தா தண்ணி வராதா?"

"வருது. பாக்கறவனுக்குத்தான் கழுத்து வலிக்குது."

"நாளைக்கு நேராக்கிடு. இவர் கழுத்தையும் சேர்த்து."

ஆனால் குறை மட்டும் வரவில்லை. மீசை போட்ட இணைப்பில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்று ஒருவன் சொன்னபோது, மனுஷன் திரும்பி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். அத்தனை வருஷமாக அவர் வேலையை ஒருத்தரும் குனிந்து பார்த்ததில்லை. வேலை பார்க்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? பார்க்காதவனுக்குத்தான் சங்கடம். மெல்ல மெல்லப் புகார் குறைந்தது. என் கடைக்கு நடுப் பகலில் அரட்டை அடிக்க வருகிற குடிநீர்க் கூட்டமும் குறைந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் மேட்டுத் தெரு மட்டும் மசியவில்லை.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரே குழாய்தான் வருகிறது. முதலில் பள்ளத் தெருவுக்குத் திறப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பள்ளத் தெரு வால்வை மூடிவிட்டு மேட்டுத் தெரு வால்வைத் திறக்கவேண்டும். மூடாமல் திறந்தால் தண்ணீர் பள்ளத்துக்கே ஓடிவிடும். மேட்டில் காற்றுதான் வரும். இவ்வளவுதான் விஷயம். இந்த இரண்டு வால்வையும் மூடித் திறக்கிற வேலை அக்காவின் கொழுந்தனுக்கு. அவனை ஹீரோ என்பார்கள். தலைமுடியில் காற்றுப் பட்டால் கலைந்துவிடும் என்று வண்டியை ஊர்வலம் மாதிரி ஓட்டுகிறவன்.

ஹீரோ வேலையைப் பார்த்துச் சொல்கிற பொறுப்பு, பக்கத்துத் தெருக்களில் கசிவு அடைக்கிற இன்னொருவனுக்கு. அவனுக்கு ரேடியோ என்று பட்டம். வாயைத் திறந்தால் அணைக்கச் சுவிட்ச் கிடையாது.

ரேடியோ தினமும் சொல்வான்: "ஹீரோ பள்ளத்தை மூடினான், மேட்டைத் திறந்தான், நான் கண்ணால பார்த்தேன் அக்கா." ஹீரோவும் ரேடியோவைப் பற்றி அதே மாதிரி ஒரு பாராட்டுப் பத்திரம் வாசிப்பான்.

மேட்டுத் தெருவின் கடைசி வீட்டு அம்மா ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அவள் கணவர் படுத்த படுக்கை.

"குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து வருது மேஸ்திரியம்மா. அவருக்கு உடம்பைத் துடைச்சு விடணும். காத்தை வெச்சா துடைக்கிறது? வர்ற திங்கக்கிழமைக்குள்ள தண்ணி வரலைன்னா தெருவே சேர்ந்து என்ஜினியர் வாசல்ல போய் உக்காரப் போறோம். உன்மேல கோபமில்ல. ஆனா உக்காருவோம்."

அக்கா அன்று சாயங்காலம் கடையில் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"டேய், ஹீரோ ஒழுங்கா வேலை செய்யறானா?"

"என்னை ஏன் கேக்கற? பார்த்துச் சொல்லத்தான் ரேடியோ இருக்கானே."

"அவன் சொல்றான். ஆனா தண்ணி வேற சொல்லுதே."

"அப்போ தண்ணியை நம்பு."

அக்கா முறைத்தாள். "அவன் சின்ன வயசிலேருந்து என் கையால சாப்பிட்டு வளர்ந்தவன்டா. என்கிட்ட பொய் சொல்லமாட்டான். வால்வுதான் உள்ளே உடைஞ்சிருக்கும். வெளியே சுத்தும், உள்ளே திறக்காது. நான் பார்த்திருக்கேன்."

ஊரையெல்லாம் சந்தேகப்படத் தெரிந்தவளுக்கு ஒரே ஒரு ஆளைச் சந்தேகப்படத் தெரியவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு ஆள் இருக்கத்தான் செய்கிறது.

மறுநாள் காலையில் அவள் மீசையைக் கூட்டிக்கொண்டு போய் மேட்டுத் தெரு முனையைத் தோண்ட வைத்தாள். வால்வைக் கழற்றி எடுத்து, அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு வெறும் குழாய்த் துண்டை மாட்டி, தெருவில் மண்ணைக் குவித்துச் சிவப்புத் துணி கட்டினார்கள். மீசை வால்வைத் தள்ளுவண்டியில் போட்டு ஸ்டோருக்குக் கொண்டுவந்தார். அக்கா பஸ் பிடித்து நேரே என்ஜினியரிடம் போய், "வால்வுதான் சார் கோளாறு. ஆளுங்கமேல தப்பில்ல. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் திரும்பியபோது சாயங்காலக் கூட்டம் கூடிவிட்டது. மீசையின் சைக்கிளுக்கு டியூப் மாற்றி நான்தான் உருட்டிக்கொண்டு போனேன். போன காலோடு வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டேன். வால்வு தரையில் நடுவாகக் கிடந்தது. மீசை அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். ரேடியோ கடைசியாக வந்து, வாளி கிடைக்காமல் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, கால் வைக்க வாட்டமாக இருக்கிறதே என்று வலது காலை அந்த வால்வின்மேல் தூக்கிப் போட்டான்.

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவன் முறை வந்தது.

"ஹீரோ இன்னைக்கு டாண்ணு போயிட்டான் அக்கா. பள்ளத்தை மூடினான். அப்புறம் மேட்டு வால்வைத் திறந்தான். நான் பக்கத்துலயே நின்னேன்."

மீசை தன் செருப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ரேடியோவின் காலைப் பார்த்தாள்.

"மேட்டு வால்வைத் திறந்தானா?"

"திறந்தான் அக்கா."

"சுலபமாச் சுத்துச்சா?"

கேள்வி கேட்டால் ரேடியோவுக்கு உற்சாகம் வந்துவிடும். "கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு. நான்தான் ஒரு கை கொடுத்தேன். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டோம், அப்புறம் வெண்ணெய் மாதிரி சுத்துச்சு."

"தெருவுல ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"தெரு பளிச்சுனு இருந்துச்சு அக்கா."

மீசைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தம்பி, காலை எடு. நீ எண்ணெய் விட்ட வால்வு உன் காலுக்குக் கீழேதான் இருக்கு. காலையிலேருந்து இங்கதான் இருக்கு."

ரேடியோ காலை எடுத்தான். வால்வைப் பார்த்தான். ஹீரோவைப் பார்த்தான். அணைக்கிற சுவிட்ச் எங்கே என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் எனக்கு நின்றுவிட்டது. அவள் மீசையிடம் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, வால்வு எப்படி இருக்கு?"

"தங்கமா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல. பள்ளத்தை மூடாமலே விட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

ஹீரோ எழுந்தான். "அண்ணி, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல பேசினா மேட்டுத் தெருவுக்குத் தண்ணி வருமாடா?"

அவன் உட்கார்ந்துவிட்டான். அக்கா போனை எடுத்து, எல்லோர் எதிரிலும் என்ஜினியரை மறுநாள் சாயங்காலக் கூட்டத்துக்கு வரும்படி கேட்டுக்கொண்டாள். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டில் நடந்ததுதான் பெரிய கூட்டம். மாமா, அதாவது அக்காவின் கணவர், தையற்கடை வைத்திருக்கிறவர். கோபம் வந்தால் கத்தமாட்டார், துணி கத்தரிக்கிற மாதிரி துண்டு துண்டாகப் பேசுவார். நடுவர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது ஹீரோ பின்கட்டில் துணி காயப்போடும் கொடிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தான். தலை கலைந்திருந்தது, அதைச் சரிசெய்யக்கூடத் தோன்றவில்லை.

"மச்சான், நீயே கேளு" என்றார் மாமா. "பொண்ணு வீட்டுக்காரங்க அடுத்த வாரம் வர்றாங்க. கவர்மென்ட் வேலைன்னுதான் வர்றாங்க. உங்க அக்கா நாளைக்கு இவனைக் காட்டிக் கொடுக்கப் போறா."

"நான் யாரையும் காட்டிக் கொடுக்கல" என்றாள் அக்கா, அடுப்பைத் துடைத்துக்கொண்டே. "அவன் எங்கே போறான் தினமும்? அதைக் கேளுங்க முதல்ல."

ஹீரோ பின்கட்டில் நின்றபடியே சொன்னான்: "ஃப்ரெண்டு செல்போன் கடையில உக்காருவேன் அண்ணி. பள்ளத் தெருவுல மூடினா எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க. 'நம்ம தெருப் பையன் நமக்கே மூடறியா'ன்னு. மூடாம விட்டா நல்ல பையன்னு சொல்றாங்க."

"மேட்டுத் தெருவுல என்ன சொல்றாங்கன்னு கேட்டியா?"

"அங்கே நான் போறதே இல்லையே."

நான் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தேன்.

மாமா விடவில்லை. "வால்வு கெட்டுப்போச்சுன்னு நீயேதான் என்ஜினியர்கிட்ட சொல்லிட்ட. அப்படியே விட்டுடு. புது வால்வு மாட்டு, இவன் நாளையிலேருந்து ஒழுங்கா இருப்பான், எல்லாருக்கும் நல்லது. யாருக்குத் தெரியப் போகுது?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்கா துணியைப் பிழிந்து உதறினாள்.

"ஸ்டோர்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கோணலாக் குழாய் மாட்டினவனை நான் எல்லார் எதிர்லயும் நிக்க வெச்சேன். நாளைக்கு அவன் எதிர்ல நான் எந்த மூஞ்சியோட உக்காருவேன்? மேஸ்திரி வேலை போனா போகட்டும், மறுபடி மீட்டர் படிக்கப் போறேன். ஆனா இருக்கிற வரைக்கும் இவன் என் கொழுந்தன்ங்கிறதுக்காக ஒரு தெரு காஞ்சு கிடக்காது."

மாமா அத்தோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டை எடுத்து வைத்தபோது என்னைப் பார்த்து, "உங்க அக்காகிட்டச் சொல்லு மச்சான், எனக்குப் பசியில்லன்னு" என்றார். அக்கா என்னைப் பார்த்து, "உங்க மாமாகிட்டச் சொல்லு, தட்டு அங்கேதான் இருக்கும்னு" என்றாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் என்ஜினியர் வந்தார். அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அன்றைக்கு நான் கடையை மூடிவிட்டு, வெளிப்படையாகவே ஜன்னலில் நின்றேன்.

"என்னம்மா, வால்வு சரியாயிடுச்சா?" என்று கேட்டார் அவர்.

"சார், இங்கே ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். யாரும் தன் வேலையைத் தானே சொல்லக் கூடாது. அடுத்தவங்கதான் சொல்லணும். இதுவரைக்கும் என் வேலையை யாரும் சொன்னதில்ல. அது தப்பு. நேத்து நான் செஞ்ச வேலையை இவர் சொல்லுவார்" என்று அக்கா ஹீரோவைக் கை காட்டினாள்.

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. மீசையும் எதிர்பார்க்கவில்லை. ஏன், நானும்தான். தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அவன் ஏதாவது கதை விட்டிருப்பான். அண்ணியைப் பற்றி என்ன கதை விடுவது?

ஹீரோ எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"மேஸ்திரி நேத்துக் காலையில மேட்டுத் தெரு வால்வைத் தோண்டி எடுத்தாங்க சார்."

"எதுக்கு?"

"கெட்டுப்போச்சுன்னு நினைச்சு."

"கெட்டுப்போச்சா?"

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கு."

என்ஜினியர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவனிடம், "நல்லா இருக்கிறதை ஏன்பா தோண்டினாங்க?" என்று கேட்டார்.

ரேடியோ ஹீரோவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஹீரோ அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"நான் தினமும் திறந்தேன்னு சொன்னதை நம்பித் தோண்டினாங்க சார். நான் திறக்கல. பள்ளத்தை மூடவே இல்ல. அவங்க வேலையில தப்புன்னு சொன்னா அது ஒண்ணுதான். என்னை நம்பினது."

என்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மோசமான மனுஷர் இல்லை. ஆனால் மேலே பதில் சொல்லவேண்டியவர். ஹீரோவுக்கும் ரேடியோவுக்கும் மெமோ கொடுத்தார். வால்வு வேலையிலிருந்து எடுத்து, இரண்டு பேரையும் மீசையின்கீழ்க் குழி தோண்டப் போட்டார். அந்த வால்வைத் திரும்ப மாட்டித் தோண்டிய தெருவை மூடுவதுதான் முதல் வேலை.

"சார், எனக்கு?" என்றாள் அக்கா.

"உங்களுக்கு என்னம்மா?"

"பார்க்காம நம்பித் தெருவைத் தோண்டினேனே. எனக்கும் ஒரு மெமோ கொடுங்க. இல்லன்னா இவங்க ரெண்டு பேரும் சாயங்காலம் இவர் கடையில உக்காந்து என்னைப் பத்திப் பேசுவாங்க" என்று ஜன்னலில் இருந்த என்னைக் காட்டினாள்.

என்ஜினியர் சிரித்துவிட்டார். ஆனால் மெமோ எழுதிக் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று, "மழைக்காலம் வரைக்கும்னு சொன்னேன் இல்ல? அதை மறந்துடுங்க. நீங்களே பாருங்க" என்றார்.

பள்ளத் தெரு வால்வின் சாவியை அக்கா தற்காலிகமாகத் தானே எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் நேரத்துக்குப் போய் அதை மூடினாள். பள்ளத் தெருக்காரர்கள் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். "மேட்டுத் தெருவுல போய் இதையே சொல்லிட்டு வாங்க, அப்புறம் திறக்கறேன்" என்றாள். அவர்கள் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மேட்டுத் தெருக் குழாய்கள் இருமின, செருமின, அப்புறம் கொட்டின. கடைசி வீட்டு அம்மா நன்றி சொல்வாள் என்று நான் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றால், அவள் வாளியை எட்டிப் பார்த்து, "என்ன இது, கலங்கலா வருது?" என்றாள். அக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம். காற்று எப்போதாவது கலங்கலாக வந்ததுண்டா?

மாமா மட்டும் இறங்கி வரவில்லை. என் வழியாகத்தான் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. "உங்க அக்காகிட்டக் கேளு, என் நீலச் சட்டை எங்கேன்னு" என்று எனக்குப் போன் வரும். நான் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டு, திரும்ப மாமாவுக்குச் சொல்வேன். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்துகொண்டு செய்த வேலை இது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அக்கா வால்வை மூடிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். ஓட்டையாகிப்போன அவள் செருப்புக்குப் பதிலாக என் மனைவியின் செருப்பைக் கொடுக்க நானும் போயிருந்தேன். குளியலறைக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. உள்ளேயிருந்து மாமாவின் தலை மட்டும் வெளியே வந்தது. தலை முழுக்கச் சோப்பு நுரை, இரண்டு கண்ணும் இறுக்கி மூடியிருந்தது. தையற்கடைக்காரர் அன்றைக்கு வழக்கத்தைவிடச் சாவகாசமாக எழுந்து குளிக்கப் போயிருக்கிறார் என்பதும், அவர் வீடு பள்ளத் தெருவில்தான் இருக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மச்சான்! மச்சான் இருக்கியா?"

நான் மூச்சு விடவில்லை.

கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மாமா வாயைத் திறந்தார்: "ஏய்! தண்ணி எங்கடீ?"

"மேட்டுத் தெருவுக்குப் போயிடுச்சுங்க" என்றாள் அக்கா. "நாளையிலேருந்து கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருங்க."

சொல்லிவிட்டு, சமையலறைக் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு போனாள்.